அந்த முனையில் யார்? – சான் சுவிட்ச் கேள்வி பதில்

சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவே தனியாக ஓடும் சான் நெட்வொர்க் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தன: சுவிட்சின் பக்கத்தைப் பிரவுசரில் திறந்துவிட்டேன், படம் அழகாகத் தெரிகிறது, இப்போது எதை அழுத்தலாம், எதை அழுத்தக்கூடாது? இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: ஒரு மருத்துவமனையின் ஐடி பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனதில் 24 போர்ட் சான் சுவிட்ச் இரண்டு இருக்கின்றன, நல்ல பழசு. ஐபி முகவரியைக் குரோமில் போட்டால் ஏதோ ஒரு ஃபைல் டவுன்லோட் ஆகிறது, அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. சுவிட்ச் கெட்டுவிட்டதா சார்? — கோவை வாசகர்

ப: கெடவில்லை தம்பி, பயப்படாதீர்கள். டேட்டா ஓடிக்கொண்டுதான் இருக்கும், இல்லாவிட்டால் இந்நேரம் டாக்டர்கள் உங்களைத் தேடி வந்திருப்பார்கள்.

பிரச்சினை சுவிட்சில் இல்லை, உங்கள் கணினியில் இருக்கிறது. உங்களுடையது பிரோகேட் நிறுவனத்தின் சுவிட்ச் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சுவிட்சுகளுக்குள்ளேயே வெப் டூல்ஸ் என்று ஒரு நிர்வாகப் பக்கம் உண்டு. பல வருஷம் அது ஜாவாவை நம்பித்தான் ஓடியது. பிரவுசரில் முகவரி போட்டால் ஒரு சின்ன ஃபைல் இறங்கும், உங்கள் கணினியில் இருக்கும் ஜாவா அதைப் பிடித்துத் திரையைத் திறக்கும். அப்புறம் காலம் மாறியது. பிரவுசருக்குள் ஜாவாவை ஓட்டிய பழைய பிளக்இன் வழியைக் குரோம் 2015 செப்டம்பரில் மூடியது, ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் மூடியது, 2018இல் வந்த ஜாவா 11இலிருந்து அந்த ஃபைலைத் திறக்கும் வெப் ஸ்டார்ட்டையே எடுத்துவிட்டார்கள். உங்கள் லேப்டாப்பில் புது ஜாவா இருந்தாலும் பயனில்லை என்பது அதனால்தான்.

பிரோகேட் சுவிட்சுகளை இயக்கும் மென்பொருளுக்கு ஃபேப்ரிக் ஓஎஸ் என்று பெயர். 2020இல் வந்த அதன் 9ஆம் பதிப்பிலிருந்து வெப் டூல்ஸ் ஜாவா இல்லாமல் பிரவுசரிலேயே நேராகத் திறக்கிறது. ஆனால் எல்லாப் பெட்டிக்கும் அது ஏறாது. 8 ஜிகாபிட் காலத்து பிரோகேட் 300 வகைகள் 7.4 வரிசையோடு நின்றுவிடும், 16 ஜிகாபிட் காலத்து 6505, 6510 எல்லாம் 8.2 வரிசையோடு நின்றுவிடும், அதற்கடுத்த 32 ஜிகாபிட் தலைமுறையிலிருந்துதான் 9. முதலில் உங்கள் பெட்டியின் மாடலைப் பாருங்கள்.

பழைய மாடல்தான் என்றால் ஒரு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கி, அதில் ஜாவா 8 போட்டு, ஜாவா கன்ட்ரோல் பேனலில் விதிவிலக்குத் தளங்களின் பட்டியலில் இரண்டு சுவிட்சின் முகவரிகளையும் சேர்த்துவிடுங்கள். அந்த மெஷினுக்கு இன்டர்நெட் கொடுக்க வேண்டாம். சுவிட்சுகளின் மேனேஜ்மென்ட் நெட்வொர்க்குக்கு மட்டும் போய்வரட்டும், ஈமெயில் பார்ப்பதற்கெல்லாம் அதைத் தொடக்கூடாது. கூடவே எஸ்எஸ்ஹெச் (கட்டளை அடித்து வேலை செய்யும் திரை) வழியாக உள்ளே போகவும் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஜாவா மக்கர் செய்யும் நாளும் ஸ்டோரேஜ் மக்கர் செய்யும் நாளும் ஒன்றாக வந்துவிட்டால் கையில் அது ஒன்றுதான் இருக்கும்.

உள்ளே போனதும் எதையும் மாற்றாதீர்கள். கான்ஃபிகரேஷனை ஒரு பிரதி எடுத்துச் சுவிட்சுக்கு வெளியே வையுங்கள். அப்புறம் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு ரேக் பக்கம் போய் 0ஆம் போர்ட்டிலிருந்து ஒவ்வொரு கேபிளும் எங்கே போகிறது என்று கையால் தடவிப் பாருங்கள், இழுக்க வேண்டாம். மருத்துவமனையில் எந்தப் போர்ட்டில் ஸ்கேன் படங்களின் சர்வர் இருக்கிறது, எதில் லேப் சர்வர் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு பட்டனையும் அழுத்தக்கூடாது. திரையில் எல்லாப் போர்ட்டும் ஒரே மாதிரி சதுரம்தான்.

கே: புது சர்வருக்கு சோன் போட்டேன், சேவ் செய்தேன், "வெற்றி" என்றும் சொன்னது. ஆனால் சர்வரில் டிஸ்க் தெரியவே இல்லை. மூன்று முறை அழித்துவிட்டுப் போட்டுப் பார்த்துவிட்டேன். — திருச்சி வாசகி

ப: இந்த ஒரு கேள்வியை மட்டும் ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சோன் என்பது எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்று சுவிட்சில் எழுதும் அனுமதி, பல சோன்களின் தொகுப்புதான் கான்ஃபிக். சுவிட்ச் இதில் இரண்டு பிரதிகளை வைத்திருக்கிறது. நீங்கள் எழுதி வைத்திருப்பதெல்லாம் ஒன்று, இந்த நிமிஷம் நடைமுறையில் இருப்பது இன்னொன்று. சேவ் கான்ஃபிக் அழுத்தினால் எழுதியது பத்திரமாகிறது, அவ்வளவுதான். எனேபிள் கான்ஃபிக் அழுத்தினால்தான் நடைமுறைக்கு வருகிறது. உங்கள் சோன் எழுத்தில் இருக்கிறது, நடைமுறையில் இல்லை.

ஆனால் உடனே போய் எனேபிள் அழுத்திவிடாதீர்கள்! ஒன்றோடொன்று இணைந்த சுவிட்சுகளின் கூட்டத்துக்கு ஃபேப்ரிக் என்று பெயர், வழக்கமாக ஒவ்வொரு சர்வரும் இரண்டு தனித்தனி ஃபேப்ரிக் வழியாக ஸ்டோரேஜுக்குப் போகும். ஒரு ஃபேப்ரிக்கில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சோன் கான்ஃபிக்தான் நடைமுறையில் இருக்க முடியும். புதிதாக ஒரு கான்ஃபிக் உண்டாக்கி, அதில் உங்கள் புது சோனை மட்டும் வைத்து எனேபிள் செய்தால் பழையது முழுவதும் இறங்கிவிடும், அதிலிருந்த மற்ற சர்வர்கள் எல்லாம் அந்தப் பக்கத்துப் பாதையை ஒரே நொடியில் இழக்கும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு ஞாயிறு இரவு, நானே செய்தேன். புது கான்ஃபிக்குக்குத் தேதியைப் பெயராக வைத்து, ஒரே ஒரு சோனை உள்ளே போட்டு எனேபிள் அழுத்தினேன். திரை ஒரு எச்சரிக்கை காட்டியது, அதைப் படிக்காமல் யெஸ் அழுத்தினேன். பக்கத்து மேஜையில் இருந்தவரின் திரையில் டேட்டாபேஸ் சர்வர்களின் பாதைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாவதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. கை நடுங்கிக்கொண்டே பழைய கான்ஃபிக்கைத் தேர்ந்தெடுத்து மறுபடி எனேபிள் செய்தேன், பாதைகள் திரும்பின. அன்று எந்த சர்வரும் விழவில்லை, காரணம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டாவது ஃபேப்ரிக்கை நான் இன்னும் தொடவில்லை. தொட்டிருந்தால் இரண்டு கண்ணும் போயிருக்கும்.

அதனால் வரிசை இப்படி. முதலில் இப்போது நடைமுறையில் இருக்கும் கான்ஃபிக்கின் பெயர் என்ன என்று பாருங்கள், சோனிங் பக்கத்திலேயே தெரியும். அதே பெயரைத் திறந்து, உங்கள் புது சோனை அதற்குள் சேருங்கள். சேர்த்த பிறகு பட்டியலில் எத்தனை சோன் இருக்கிறது என்று எண்ணுங்கள், முன்பு 41 இருந்தால் இப்போது 42 இருக்க வேண்டும். சேவ், அப்புறம் எனேபிள். சர்வரில் பாதைகள் சரியாக வந்துவிட்டன என்று கண்ணால் பார்த்த பிறகு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து இரண்டாவது ஃபேப்ரிக்கைத் தொடுங்கள். அவசரம் என்று யார் சொன்னாலும் இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள்.

எனேபிள் ஆன பிறகும் டிஸ்க் தெரியவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, சாதனத்தின் 16 இலக்க முகவரியான டபிள்யூ டபிள்யூ என்னுக்கு ஏலியாஸ் என்ற புனைபெயர் உண்டாக்கும்போது, திரையில் மரம் மாதிரி விரியும் பட்டியலில் மேலே ஒரு டபிள்யூ டபிள்யூ என், அதற்கு உள்ளே இன்னொன்று என்று இரண்டு தெரியும். மேலே இருப்பது சர்வரின் சான் கார்டுக்கானது, உள்ளே இருப்பது அதன் போர்ட்டுக்கானது. உள்ளே இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அவசரத்தில் பலரும் மேலே இருப்பதை இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 16 இலக்கத்தையும் சர்வர் பக்கம் காட்டுவதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பழகினால் முதல் நான்கு இலக்கமே பேசும்: 21:00 என்று தொடங்கினால் அநேகமாக கியூலாஜிக் கார்டு, 10:00 என்றால் அநேகமாக எமுலெக்ஸ், 50 என்று தொடங்கினால் பெரும்பாலும் ஸ்டோரேஜ் பக்கம். இரண்டு, சோன் என்பது கதவைத் திறப்பது மட்டும்தான். ஸ்டோரேஜ் பெட்டியிலும் அந்த சர்வருக்கு டிஸ்க்கை ஒதுக்க வேண்டும், அதன் பிறகு சர்வரில் ரீஸ்கேன் செய்ய வேண்டும்.

அதே மெனுவில் டிஸேபிள் சோனிங், கிளியர் ஆல் என்று இரண்டு வரிகள் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேப்ரிக்கில் அவை இரண்டும் உங்களுக்குத் தேவைப்படும் நாள் வராது.

கே: ஒரு சோனில் பத்து சர்வரையும் ஸ்டோரேஜையும் மொத்தமாகப் போட்டுவிட்டால் வேலை மிச்சம்தானே? — சேலம்

ப: வேண்டாம். ஒரு சோனில் ஒரு சர்வர் போர்ட், அதற்கு வேண்டிய ஸ்டோரேஜ் போர்ட்டுகள், இதுதான் வழக்கம். பத்தும் ஒரே சோனில் இருந்தால் ஒரு சர்வர் ரீபூட் ஆகும்போதெல்லாம் மற்ற ஒன்பதுக்கும் "இங்கே ஏதோ மாறியிருக்கிறது" என்று சுவிட்ச் தகவல் அனுப்பும், அவை ஒவ்வொன்றும் மறுபடி தேடத் தொடங்கும். எண்ணிக்கை அதிகமாகிறது என்ற கவலை இருந்தால் புது ஃபேப்ரிக் ஓஎஸில் பியர் சோனிங் இருக்கிறது. ஸ்டோரேஜ் போர்ட்டை முதன்மையாக வைத்துவிட்டால், மற்றவை அதை மட்டும்தான் பார்க்கும், ஒன்றையொன்று பார்க்காது.

கே: ஒரு போர்ட் நோ லைட் என்கிறது, இன்னொன்று நோ சிங்க் என்கிறது, மூன்றாவது மாட் இன்வ் என்கிறது. மூன்றுமே வேலை செய்யவில்லை, அப்புறம் எதற்கு மூன்று பெயர்? — மதுரை

ப: மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்தில் நிற்கின்றன, அதனால்தான்.

நோ லைட் என்றால் வெளிச்சமே வந்து சேரவில்லை. எதிர்முனை அணைந்திருக்கலாம், கேபிள் சொருகாமல் இருக்கலாம், அல்லது அனுப்பும் இழையும் வாங்கும் இழையும் இடம் மாறியிருக்கலாம். கேபிள் முனையில் இருக்கும் எல்சி கனெக்டரைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு சின்ன மூக்கு ஒரு கிளிப்பில் சேர்ந்திருக்கும், நடுவே பேட்ச் பேனல் வந்தால் ஒரு முனையில் அந்தக் கிளிப்பைக் கழற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும். பாதி நோ லைட் இதில் தீர்ந்துவிடும். நோ சிங்க் என்றால் வெளிச்சம் வருகிறது, ஆனால் பேச்சு புரியவில்லை, வேகம் ஒத்துப்போகவில்லை அல்லது சிக்னல் மிகவும் மோசம். மாட் இன்வ் என்றால் போர்ட்டில் சொருகிய எஸ்எஃப்பியையே, அதாவது ஒளியை அனுப்பி வாங்கும் சின்ன மாட்யூலையே, சுவிட்ச் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரோகேட் சுவிட்ச் தன் முத்திரை உள்ள எஸ்எஃப்பியைத்தான் கேட்கும், டிராயரில் கிடந்த வேறொன்றைப் போட்டிருப்பீர்கள்.

போர்ட்டைச் சொடுக்கி எஸ்எஃப்பி விவரத்துக்குப் போனால் வாங்கும் வெளிச்சத்தின் அளவு தெரியும். நல்ல கேபிளில் மைனஸ் 2 முதல் மைனஸ் 5 டிபிஎம் வரை பார்த்திருக்கிறேன், அதாவது சில நூறு மைக்ரோவாட். மைனஸ் 10 என்றால் 100 மைக்ரோவாட்டுக்கு வந்துவிட்டது, போய் அந்த முனையைச் சுத்தம் செய்யுங்கள். விரல் பட்ட ஒரு ரேகை போதும், ஒளி பாதியாகிவிடும். சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், அதற்கென்றே பேனா மாதிரி ஒரு கிளீனர் கிடைக்கிறது. 850 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே வெளிச்சம் வருகிறதா என்று கேபிள் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டவே வேண்டாம்.

தூரத்தையும் கவனியுங்கள். ஓஎம்3 என்ற வகை ஒளியிழைக் கேபிளில் 8 ஜிகாபிட் 150 மீட்டர் போகும், 16 என்றால் 100 மீட்டர், 32 என்றால் 70 மீட்டர்தான். பழைய சுவிட்சில் நன்றாக ஓடிய அதே கேபிள் புது சுவிட்சில் தகராறு செய்வதற்கு இது ஒரு காரணம்.

கே: புதிதாக 32 ஜிகாபிட் சுவிட்ச் வந்திருக்கிறது. எங்கள் டேப் லைப்ரரி 4 ஜிகாபிட். சொருகினால் வரவே இல்லை. டேப்பை மாற்ற நிர்வாகத்திடம் கேட்கலாமா? — ஈரோடு

ப: கேட்க வேண்டாம். ஒரு எஸ்எஃப்பி தன் வேகத்தோடு அதற்குக் கீழே இரண்டு படிதான் இறங்கும். 32 ஜிகாபிட் எஸ்எஃப்பி 16க்கும் 8க்கும் இறங்கும், 4க்கு இறங்காது. அந்த இரண்டு மூன்று போர்ட்டில் மட்டும் 16 ஜிகாபிட் எஸ்எஃப்பி போடுங்கள், அது 4 வரை வரும். உங்கள் சுவிட்ச் மாடல் 16 ஜிகாபிட் எஸ்எஃப்பியை ஏற்குமா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், பிரோகேட் ஜி620 ஏற்கிறது.

கே: எட்டு போர்ட் ஓடுகிறது, ஒன்பதாவதில் கேபிள் போட்டால் லைசன்ஸ் இல்லை என்கிறது. 24 போர்ட் பெட்டிதானே வாங்கினோம்? — ஓசூர்

ப: பெட்டியில் துளை 24, விலைக்கு வாங்கியது 8. போர்ட்ஸ் ஆன் டிமாண்ட் என்ற லைசன்ஸ் முறை அது. பழைய பில்லைத் தேடி எத்தனைக்குப் பணம் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். சில மாடல்களில் பயன்படாத போர்ட்டின் லைசன்ஸை விடுவித்து வேறு போர்ட்டுக்குக் கொடுக்கலாம், லைசன்ஸ் பக்கத்தில் அந்த வசதி இருந்தால் முதலில் அதைச் செய்துபாருங்கள். யாரோ எப்போதோ சோதனைக்குச் சொருகிய போர்ட் ஒன்று லைசன்ஸைப் பிடித்துவைத்திருப்பது அடிக்கடி நடக்கும்.

கே: மாலை நேரத்தில் டேட்டாபேஸ் மெதுவாகிறது. ஸ்டோரேஜ் ஆட்கள் சுவிட்ச் மேல் பழி போடுகிறார்கள். பிரவுசரில் எரர் எண்களைப் பார்த்தால் ஒரு போர்ட்டில் சிஆர்சி 3,800 என்று இருக்கிறது. அதுதான் காரணமா? — சென்னை

ப: சிஆர்சி என்பது கெட்டுப்போய் வந்த ஃபிரேம்களின், அதாவது டேட்டா பொட்டலங்களின், எண்ணிக்கை. அந்த 3,800 எப்போது வந்தது? இதற்கு உங்களிடம் பதில் இல்லை என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ கேபிளை ஆட்டியபோது வந்து அப்படியே உட்கார்ந்திருக்கலாம். எல்லா எண்களையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பூஜ்யமாக்கிவிட்டு, மாலை மெதுவாகும் நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஏறும் எண்தான் பேசும்.

சிஆர்சி ஏறினால், அதன் பக்கத்தில் "நல்ல முடிவோடு வந்த சிஆர்சி" என்று இன்னொரு எண் இருக்கும், அதையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் கோளாறு இந்த இணைப்பிலேயே இருக்கிறது, கேபிளோ எஸ்எஃப்பியோ. முதலாவது மட்டும் ஏறினால் ஃபிரேம் முன்னாலேயே எங்கோ கெட்டு, கெட்டது என்று முத்திரை குத்தப்பட்டு இங்கே வந்து சேர்கிறது, அது வந்த வழியில் பின்னால் போய்த் தேட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல கேபிளை மூன்று முறை மாற்றியவர்கள் உண்டு.

ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு எனக்கு வேறொன்றின் மேல்தான் சந்தேகம். சான் பேசும் மொழியான ஃபைபர் சேனலில் யாரும் தன்னிஷ்டத்துக்கு ஃபிரேம் அனுப்ப முடியாது. எதிர்முனை முன்கூட்டியே இத்தனை டோக்கன் என்று கொடுத்திருக்கும், ஒன்று அனுப்பினால் ஒரு டோக்கன் செலவாகும், அவர் வாங்கி வைத்துக்கொண்டபின் டோக்கனைத் திருப்பிக் கொடுப்பார். கையில் டோக்கன் இல்லை, அனுப்ப ஃபிரேம் இருக்கிறது என்ற நிலையில் சுவிட்ச் காத்துக்கொண்டிருக்கும், அந்தக் காத்திருப்பை 2.5 மைக்ரோசெகண்டுக்கு ஒன்று என்று எண்ணி ஒரு கவுன்டரில் போடும். கட்டளைத் திரையில் டிம் டிஎக்ஸ்சிஆர்டி இசட் என்று வரும் கவுன்டர் அதுதான். ஒரு முழு செகண்ட் காத்திருந்தால் 4 லட்சம். ஆகவே அதில் சில ஆயிரம் ஏறினால் ஒன்றுமில்லை, பத்து நிமிஷத்தில் கோடிக்கணக்கில் ஏறினால் அந்தப் போர்ட்டில் இருப்பவர் வாங்குவதில் மந்தமாக இருக்கிறார்.

சங்கடம் என்னவென்றால், மந்தமான ஒருவர் தன்னோடு நிற்பதில்லை. அவருக்குப் போக வேண்டிய ஃபிரேம்கள் சுவிட்சுகளுக்கு நடுவே ஓடும் ஐஎஸ்எல் இணைப்பில் தேங்கும், அதே இணைப்பில் வரும் உங்கள் டேட்டாபேஸின் ஃபிரேம்களும் பின்னால் நிற்கும். வீதியில் ஒரு லாரி சரக்கு இறக்கினால் ஆம்புலன்ஸும் நிற்பது போலத்தான். அரை செகண்டுக்கும் மேல் தேங்கினால் சுவிட்ச் அந்த ஃபிரேமைக் கைவிட்டுவிடும், அப்போது கிளாஸ் 3 டிஸ்கார்ட் என்ற எண் ஏறும். அதனால் டேட்டாபேஸ் போர்ட்டை மட்டும் பார்க்காதீர்கள், எல்லாப் போர்ட்டையும் பாருங்கள். மாலையில் தொடங்கும் பேக்கப் சர்வரோ, 4 ஜிகாபிட் கார்டோடு மூலையில் கிடக்கும் பழைய சர்வரோ சிக்கும் என்று நினைக்கிறேன். மேப்ஸ் என்ற கண்காணிப்பு உங்கள் சுவிட்சில் இருந்தால் அதை இயக்கி வையுங்கள், நீங்கள் தூங்கும்போதும் அது பார்க்கும்.

ஸ்டோரேஜ் ஆட்களோடு சண்டை போடாமல் அந்த எண்களை நேரத்தோடு எழுதி அவர்கள் முன் வையுங்கள்.

கே: செகண்ட்ஹேண்டில் ஒரு சுவிட்ச் வாங்கினோம். ஐபி தெரியவில்லை. நேராக ஐஎஸ்எல் போட்டு இணைத்துவிட்டால் பழைய சுவிட்சிலிருந்து எல்லாம் தானாக வந்துவிடும் என்கிறார் நண்பர். — கொழும்பு வாசகர்

ப: நண்பர் சொல்வது வெறுமையான சுவிட்சுக்குப் பொருந்தும். வேறொரு இடத்தில் ஓடிய சுவிட்சுக்குள் அந்த இடத்தின் சோனிங் இன்னும் இருக்கும், டொமைன் எண்ணும் (ஃபேப்ரிக்கில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் உள்ள தனி எண்) உங்களுடையதோடு மோதலாம். மோதினால் இணைப்பு செக்மென்ட் ஆகி நின்றுவிடும், இரண்டும் சேராது. சில நேரம் நடைமுறை கான்ஃபிக் இல்லாமல் எழுத்து மட்டும் மிச்சம் இருக்கும், அப்போது அடுத்தவர் வீட்டு ஏலியாஸ்கள் எல்லாம் உங்கள் பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தனியாக மேஜையில் வைத்து மின்சாரம் கொடுங்கள். சீரியல் கேபிள், 9600 வேகம், உள்ளே போய் ஐபி மாற்றுங்கள். தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவரப்பட்ட பிரோகேட் பெட்டி என்றால் 10.77.77.77 என்ற முகவரியில் இருக்கும், லேப்டாப்புக்கு அதே வரிசையில் ஒரு முகவரி கொடுத்தும் எட்டலாம். பழைய சோனிங்கை முழுவதும் அழியுங்கள், மேலே நான் வராது என்று சொன்ன கிளியர் ஆல் இந்த மேஜைக்குத்தான். டொமைன் எண்ணை 1 முதல் 239க்குள் உங்கள் ஃபேப்ரிக்கில் இல்லாத ஒன்றாக வையுங்கள், அதை மாற்றச் சுவிட்சை டிஸேபிள் செய்ய வேண்டியிருக்கும், மேஜையில் இருக்கும்போது அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பழைய பயனர் கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். அப்புறம் ஐஎஸ்எல்.

கே: ஃபர்ம்வேர் ஏற்றும்போது பிரவுசர் இணைப்பு போய்விட்டது. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, பவரை எடுத்துப் போடலாம் என்று சீனியர் சொன்னார். நான் தடுத்துவிட்டேன். சரிதானா? — பெங்களூருவில் வேலை பார்க்கும் வாசகி

ப: நூற்றுக்கு நூறு சரி. சுவிட்சுக்குள் ஃபர்ம்வேர் வைக்க இரண்டு அறைகள் உண்டு. புதியதை ஒரு அறையில் இறக்கிவிட்டு, நிர்வாகப் பகுதி மட்டும் புதியதில் எழுந்து வரும். அந்த நேரத்தில் பிரவுசர் அறுந்துபோவது இயல்பு, ஃபிரேம்கள் மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். எழுந்த பிறகு இரண்டாவது அறையிலும் புதியதை எழுதும், அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் பவரை எடுத்தால் ஓடிக்கொண்டிருந்த டேட்டாவும் நின்றிருக்கும், ஃபர்ம்வேரும் பாதியில் நின்றிருக்கும். அடுத்த முறை பக்கத்தில் எஸ்எஸ்ஹெச் திரை ஒன்று திறந்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப உள்ளே போனதும் டவுன்லோட் நிலையைக் கேட்டால் எந்தப் படியில் இருக்கிறது என்று அதுவே சொல்லும். உங்கள் சீனியரிடமும் இதைக் காட்டுங்கள், நல்லபடியாக எடுத்துக்கொள்வார்.

கே: எங்களிடம் இருப்பது சிஸ்கோ எம்டிஎஸ். பிரவுசர் வழியாகப் போர்ட்டை வேறு விசானுக்கு மாற்றினேன், ஒரு மாதம் நன்றாக ஓடியது. சுவிட்ச் ரீபூட் ஆனதும் பழையபடி ஆகிவிட்டது. — சிங்கப்பூர் வாசகர்

ப: ஓடும் கான்ஃபிக்கில் மாற்றினீர்கள், தொடக்க கான்ஃபிக்கில் எழுதவில்லை. எம்டிஎஸ்ஸில் எந்த மாற்றத்துக்குப் பிறகும் ஓடுவதைத் தொடக்கத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும், அது தனி வேலை. எழுதி வைத்த சோன்செட்டும் (சோன் கான்ஃபிக்குக்கு அங்கே பெயர்) அப்படித்தான். அங்கே ஒவ்வொரு விசானுக்கும், அதாவது ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த ஒவ்வொரு தனி சானுக்கும், தனி சோன்செட் என்பதால் ஒன்றில் தவறினாலும் மற்ற விசான் தப்பிக்கும், அந்த அமைப்பு எனக்குப் பிடித்தது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஒரு விசானையே அழித்தால் அதிலிருந்த போர்ட்டுகள் விசான் 1க்குத் திரும்பாது, 4094 என்ற தனிமை விசானுக்குப் போய்ச் செயலற்று நிற்கும்.

கே: பயன்படாத போர்ட்டை டிஸேபிள் செய்தேன், ரீபூட்டுக்குப் பிறகு தானாக எழுந்துவிட்டது. — நாகர்கோவில்

ப: பிரோகேட் என்றால் பெர்சிஸ்டென்ட் டிஸேபிள் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை அழுத்துங்கள். சாதாரண டிஸேபிள் அடுத்த ரீபூட் வரைதான்.

கே: போர்ட் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? எங்கள் சுவிட்சில் எல்லாம் காலியாகத்தான் இருக்கிறது. — புதுச்சேரி வாசகர்

ப: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். சர்வரின் பெயர், அதில் எந்தக் கார்டு, கார்டில் எந்தப் போர்ட், ரேக் எண், இவை நான்கும் இருந்தால் போதும். "பில்லிங் 2, கார்டு 1, போர்ட் 0, ரேக் சி4" என்கிற மாதிரி, ஆனால் சுவிட்சில் ஆங்கில எழுத்தில், இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு. ஏலியாஸுக்கும் அதே பெயரை வையுங்கள், கேபிளின் இரு முனையிலும் அதையே லேபிள் அடித்து ஒட்டுங்கள், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்வரைத் தூக்கிய அன்றே பெயரையும் அழியுங்கள், அழிக்காமல் விட்டது காலிக் கட்டத்தை விட மோசமானது, பொய்ப் பெயர். 48 போர்ட் என்றால் ஒரு மதியம் ஆகும். ரேக் பக்கம் ஒருவர் நின்று படிக்க, பிரவுசர் முன் இன்னொருவர் உட்கார்ந்து அடித்தால் இரண்டு மணி நேரத்தில் முடியும், இந்தச் சனிக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.